ஏ முதல் ஜி வரை, பிறகு லயம்

ஐரோப்பாவில் வீட்டுக்கும் மார்க் போடுகிறார்கள். சூட்டைச் சிந்தாத வீடு ‘ஏ’, ஓட்டைச் சட்டியாய் ஒழுகவிடுவது ‘ஜி’. குடியிருப்புகள் விழுங்கும் வலுசக்தியை 2030க்குள் சராசரி 16 சதவீதம் குறைக்கவேண்டும் என்று 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டுவிட்டது. நல்ல சட்டம்.

மார்க் போடுகிறவரை ஒருதடவை பதுளைப் பக்கம் கூட்டிவரலாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைப் பார்த்தால் எழுத்துப் பஞ்சத்தில் திண்டாடிப்போவார். தகரக்கூரை பகலில் தோசைக்கல், மார்கழி இரவில் ஐஸ்பெட்டி. புகைக்குத் தனி வழி கிடையாது. அதுவும் குடும்பத்தில் ஓர் ஆள்.

அப்படியே அப்புத்தளை தம்பேதன்ன தேயிலைப் பெக்டரிக்கும் போகலாம், 1890இல் லிப்டன் கட்டியது. கொழுந்துக்கு அங்கே ராஜ உபசாரம்: மாடியில் படுக்கை, கீழிருந்து விசிறிக்காற்று, மழைநாளில் இளஞ்சூடு. பிறகு ஈரம் 3 சதவீதத்துக்கு இறங்கும்வரை அனல்காற்று. வாட்டும் விசிறிகளுக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி பூட்டினால் கரண்ட் பில் இறங்கும். இது கணக்கப்பிள்ளைக்கே தெரிந்த கணக்கு.

வலுசக்திச் சிக்கனத்துக்கென்று நம் இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பல்புக்கு நட்சத்திரம் ஒட்டியாயிற்று. லயத்துக் கூரையில் நட்சத்திரம் தெரிவது தகரத்து ஓட்டை வழியாகத்தான்.