சென்யோராவா, சென்யோரீத்தாவா: ஓர் அரை நொடிச் சிக்கல் குறித்த ஆய்வு

மெக்சிகோ நகரச் சந்தையில் அவகாடோ விற்பவர் தினமும் சந்திக்கும் சிக்கல் ஒன்றை அறிஞர் உலகம் கண்டுகொள்ளவே இல்லை. பையோடு ஒரு பெண் கடைமுன் வந்து நிற்கிறார். அவரை எப்படிக் கூப்பிடுவது? யோசிக்க அரை நொடிதான் அவகாசம்.

மணமானவர் சென்யோரா, ஆகாதவர் சென்யோரீத்தா என்று ஸ்பானிய இலக்கண ஆசிரியர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் காய்கனி விற்றவர்கள் அல்லர். மோதிரத்தைப் பார்க்கலாமென்றால் கை பைக்குள் சில்லறை துழாவிக்கொண்டிருக்கிறது. வேறு வழியின்றி வியாபாரி முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கிறார். வினை அங்கேதான் ஆரம்பம். 'மூத்தவர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது சென்யோரா. மரியாதைக்குள் வயது ஒளிந்திருக்கிறது. முதன்முறை அப்படி அழைக்கப்பட்ட முப்பது வயதுக்காரர், 'யாரை?' என்று பின்னால் திரும்பிப் பார்ப்பது இயல்பே.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் சென்யோர்தான். சென்யோரீத்தோ என்றொரு சொல் உண்டு; ஆனால் அது அப்பன் சொத்தில் மிதப்பாகத் திரியும் சின்னப் பண்ணையாருக்கு வைத்த பெயர்.

'தோன்யா' என்ற மரியாதை ஒட்டைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். அதை இயற்பெயரோடுதான் ஒட்டுவார்கள். பேர் தெரியாதவரிடம் வெறுமனே சொன்னால் பாட்டியாக்கிவிட்ட பழி வரும். ஸ்பெயின் ராணியும் தோன்யா லெத்தீசியா, தெருமுனையில் பலகாரம் விற்கும் கிழவியும் தோன்யா. இந்த அழைப்புச் சிக்கலில் முன்னோடி என நான் கருதுவது தெரேசா பான்சாவை. 1615இல் வெளிவந்த 'டான் குயிக்ஸாட்' நாவலின் இரண்டாம் பாகத்தில், தான் ஆளுநரானதும் ஊரே உன்னைத் தோன்யா தெரேசா என்னும் என்று கணவன் சாஞ்சோ ஆசை காட்டுகிறான். ஞானஸ்நானத்தில் வைத்த பேரே போதும், ஒட்டு எதுவும் வேண்டாமென்று மறுத்துவிடுகிறாள் அந்தக் குடியானவள்.

சந்தைக்காரர் கண்ட தீர்வு இதைவிடச் சிக்கனமானது. சொல்லைப் பாதியில் வெட்டி 'சென்யோ' என்கிறார். மணமானதா இல்லையா என்பது விழுங்கப்பட்ட மீதியில் கிடக்கிறது. கேட்பவர் தமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்பெயினில் பள்ளிப் பிள்ளைகள் டீச்சரைக் கூப்பிடுவதும் இதே சொல்லால்தான்; ஆனால் அவர்களுக்கு வியாபாரக் கவலை இல்லை.

கண்டம் தாண்டிய அரை நொடி முடிந்தது. இனி வியாபாரிக்குக் கைவந்த கலை. ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் மெல்ல அமுக்கிப் பார்க்கிறார்.

"இன்னைக்குச் சாப்பிடவா, நாளைக்கா, சென்யோ?"