திருத்தியது நாலு வரி, அனுப்புவது எத்தனை வரி?

கே: இருபதாயிரம் வரி சி நிரலில் நாலே வரி திருத்தினேன். முழுக் கோப்பையும் அனுப்பினால் என்ன?

ப: அனுப்பலாம். நீங்கள் எங்கே கைவைத்தீர்கள் என்று தேடுகிறவர் உங்களை வாழ்த்த மாட்டார். திருத்துமுன் மூலத்தை நகலெடுத்து வையுங்கள். பிறகு டெர்மினலில் 'டிஃப் மைனஸ் யு', பழைய கோப்பு, புதிய கோப்பு. வருவதை '>' போட்டு ஒரு கோப்பில் பிடியுங்கள். அதுதான் பேட்ச்.

கே: புதியதை முதலில் கொடுத்தால்?

ப: சேர்த்ததெல்லாம் நீக்கியதாகத் தெரியும். போட்டுப் பார்ப்பவரிடம் 'பேட்ச்' கட்டளை, "இது தலைகீழா, இல்லை ஏற்கெனவே போட்டாயிற்றா?" என்று விசாரிக்கும்.

கே: மைனஸ் யு இல்லாமலும் ஏதோ வருகிறதே?

ப: வரும். 1974இல் யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்போடு வந்த டிஃப்பின் பழைய பாணி அது. வரி எண்ணும் மாறிய வரியும் மட்டும் இருக்கும். இதற்குள் வேறொருவர் மேலே பத்து வரி நுழைத்திருந்தால், நீங்கள் புதிதாகச் சேர்த்த வரி சம்பந்தமில்லாத இடத்தில் போய் உட்காரும். கதவு எண்ணை மட்டும் சொல்லாமல் "பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு" என்று சொல்வதுதான் மைனஸ் யு. மாற்றத்துக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி அடையாளத்துக்குக் கூடவே போகும். எண் தள்ளிப்போனாலும் 'பேட்ச்' கட்டளை இடத்தைக் கண்டுபிடித்துவிடும். அந்தக் கட்டளையை 1985இல் எழுதியவர் லாரி வால். பெர்ல் மொழியும் இவர் கைவேலைதான். அதைப் படித்துப் புரிந்துகொள்வது உங்கள் பாடு.

கே: டைரக்டரி முழுக்க மாறியிருக்கிறதே?

ப: யு-வோடு சின்ன ஆர், பெரிய என் இரண்டையும் சேருங்கள். என் இல்லாவிட்டால், புதிதாக எழுதிய கோப்பு "இங்கே மட்டும் இருக்கிறது" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். முதலில் 'மேக் கிளீன்' போட்டு, கம்பைல் செய்தபோது சேர்ந்த குப்பையைக் கூட்டுங்கள்.

கே: நாலு வரித் திருத்தத்துக்கு நாற்பதாயிரம் வரி பேட்ச் வருகிறது!

ப: விண்டோஸ் எடிட்டரா? வரிமுடிவுக் குறிகளை மொத்தமாக மாற்றியிருக்கும். மைனஸ் டபிள்யூ அதை மறைக்கும். பார்க்கத்தான் உதவும், அனுப்ப அல்ல.

கே: கிட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

ப: 'கிட் டிஃப்' தருவதும் இதே வடிவம்தான். லினக்ஸ் கர்னலுக்கு இன்றும் பேட்ச்கள் மின்னஞ்சலில் போகின்றன.

கே: லோகோ படத்தையும் மாற்றினேன். அது பேட்ச்சில் இல்லை.

ப: "பைனரி கோப்புகள் வேறுபடுகின்றன" என்று சொல்லிவிட்டு டிஃப் நழுவிவிடும். தனியாக அனுப்புங்கள். ஆமாம், லோகோவை மாற்றச் சொன்னது யார்?