பாலைவனமா, யாரு சொன்னா?

ஏலே பேராண்டி, மனுசன் எங்க போயி அரிசி பருப்பு வாங்குதான்னு கண்டுபிடிக்க வாஷிங்டனுக்குப் படிக்கப் போறியாமே? நல்லாப் படி. காசு உங்கப்பன் காசு.

நீ திண்ணையில போட்டுட்டுப் போன ஆஷாண்டே ரீஸ் புத்தகத்தை உன் தங்கச்சி வாசிச்சுச் சொன்னா. அந்த ரீஸ் பிள்ளை வாஷிங்டன்லயே டீன்வுட்ங்கிற கருப்பின மக்கள் குடியிருப்புல பழகித் திரிஞ்சு எழுதி, 2019ல வந்த புத்தகமாம். அந்தப் பக்கம் 7, 8 ரெண்டு வார்டுலயும் சேத்து ஒன்றரை லட்சம் சனம் போல. பெரிய மளிகைக்கடை மூணே மூணுன்னு அப்பக் கணக்கு. அதிபர் மாளிகை இருக்கிற அதே ஊருலடா!

இதுக்குப் படிச்சவங்க வச்ச பேரு 'உணவுப் பாலைவனம்'. பாலைவனம்னா ஆண்டவன் படைச்சது. அவன் மேல பழியப் போட்டா கோர்ட்டுக்கா வரப்போறான்? வெள்ளைக்காரங்க புறநகருக்கு மூட்டை கட்டினப்போ சூப்பர்மார்க்கெட்டும் பின்னாலயே நடையக் கட்டுச்சு. மழை இல்லாமலா கடை காஞ்சுபோச்சு? நியூயார்க் பிராங்ஸ்ல தோட்டம் போடுற கேரன் வாஷிங்டன்ங்கிற அம்மா அதை 'உணவு நிறவெறி'ன்னே சொல்லுதாங்க. கொத்துற கைக்குத்தான் வேரு தெரியும்.

இன்னொண்ணு, இல்லாததை மட்டும் எண்ணிட்டு வந்துராத. மிசிசிப்பியில ஃபேன்னி லூ ஹேமர்னு ஒரு கருப்பின அம்மா. ஓட்டுக்குப் பேரு பதியப் போன குத்தத்துக்கு 1962ல பண்ணையாரு அவங்களை வெளிய வெரட்டுனான். அவங்க 1969ல கூட்டுப் பண்ணை தொடங்குனாங்க. கூடவே 'பன்னி பேங்கு' ஒண்ணு. குடும்பத்துக்கு ஒரு சினைப்பன்னி குடுக்கது, அது போட்ட குட்டியில சிலத பேங்குக்குத் திருப்பி வாங்குறது. நம்மூர்ல ஆட்டை வாரத்துக்கு விடுற கணக்குதான். என்ன, ஒங்க சித்தப்பன் கணக்குல மட்டும் குட்டி எப்பவும் செத்தே பிறக்கும்.

வாஷிங்டன் போன உடனே கேள்வித்தாளை நீட்டாத. 'ஏழு நாளுல எத்தனை தரம் காய்கறி சாப்பிடுதீங்க'ன்னு ஒங்க ஆச்சியைக் கேட்டுப் பாரு. பதிலு அகப்பையில வரும். பஸ்ஸை விட்டு மளிகைப் பையோட இறங்குற கெழவிகிட்ட பையை வாங்கி, வீடு வரைக்கும் தூக்கிட்டு நட. தூரம் கையில தெரியும். கொல்லையில கொல்லார்ட் கீரை போட்டிருந்தா, எப்படி வேக வைக்காங்கன்னு கேட்டு எழுது. ஆச்சி கேக்கச் சொன்னா.