எக்ஸெல் எதுவரை தாங்கும்?

கேள்வி: எங்கள் மளிகை மொத்த வியாபாரத்தின் பில் விவரமெல்லாம் எக்ஸெலில்தான். பெருத்துக்கொண்டே போகிறதே, எதுவரை தாங்கும்?

பதில்: ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசை. பழைய எக்ஸ்.எல்.எஸ். கோப்பு என்றால் வெறும் 65,536. இதைக் கவனிக்காமல்தான் 2020-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்று விவரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறவில்லை. டேட்டாபேஸுக்கு மாறிவிடுங்கள். ஆனால் முதலில் பெயர்களைச் சரிசெய்யுங்கள்! ‘து.பருப்பு’, ‘துவரம்பருப்பு’, ‘தூர் தால்’ என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டியிருந்தால் கம்ப்யூட்டருக்கு அவை மூன்று சரக்கு. குடோனில் மூட்டை கூரையைத் தொடும். திரையில் ‘இருப்பு இல்லை’ என்று வரும். நீங்களும் இன்னொரு லோடு இறக்குவீர்கள். ஒரு சரக்குக்கு ஒரே கோட் நம்பர் போடுங்கள். எந்தப் பருப்பு எந்த மாதம் ஓடுகிறது என்பது அப்புறம்தான் தெரியும்.