டெபாசிட் போனால் என்ன?

கேள்வி: ஸ்டார்ட்அப் தொடங்கி இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். மூன்றாவது முறை துணியலாமா?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: இரண்டுக்கேவா? மேட்டூர் டயர் கடைக்காரர் 'தேர்தல் மன்னன்' பத்மராஜனைப் பாருங்கள். 1988-இல் தொடங்கி 230-க்கும் மேற்பட்ட தேர்தல்களில் தோற்றுவிட்டு, 2024-இல் உங்கள் தர்மபுரி மக்களவைத் தொகுதியிலும் வந்து நின்றார். டெபாசிட் 25,000 ரூபாய். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அது கஜானாவுக்கு. 2011 சட்டமன்றத் தேர்தலில் மேட்டூரில் 6,273 ஓட்டு வாங்கினார். அதுதான் அவருடைய உச்சம். பல ஆப்களுக்கு இத்தனை பேர்கூடக் கிடையாது!

ஆனால் அவர் தொலைப்பது டயர் கடையில் சம்பாதித்த சொந்தக் காசு. நீங்கள் இரண்டு தடவை தொலைத்தது யாருடையது? மாமனாருடையது என்றால், முதலில் அவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.