எந்தக் குதிரை சிரேஷ்டம்?

கேள்வி: மான் ஓ வார், செக்ரட்டேரியட் ஆகிய அமெரிக்கப் பந்தயக் குதிரைகளுள் எது சிரேஷ்டம்? (வாசகர், சின்னமனூர்)

பதில்: தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான் என்று மாடுகளை வகை பிரித்து, தட்டான்சிட்டைப் பெரிய மாட்டோடு ஒருநாளும் ஓடவிடாத கம்பம் பள்ளத்தாக்கில் வண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்த தாங்கள், அரை நூற்றாண்டு இடைவெளியுள்ள இரு புரவிகளை ஒரே கோட்டில் நிறுத்தச் சொன்னால் நம்மூர்ச் சாரதிகள் சம்மதிப்பார்களா? இரண்டும் ஓடியவை தலா 21 பந்தயங்கள். முன்னது 20-இலும் பின்னது 16-இலும் ஜெயித்தன. 1973-இல் பெல்மாண்ட் பந்தயத்தின் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் கடந்து, அடுத்து வந்ததை 31 குதிரை நீளம் பின்னே விட்ட செக்ரட்டேரியட்டின் வேகத்தை அப்பந்தயத்தில் இன்றளவும் எக்குதிரையும் எட்டவில்லை. ஆனால் மான் ஓ வார் அதில் ஓடிய 1920-இல் அப்பந்தயத்தின் தூரமே குறைவாதலால் கால அளவை ஒப்பிட வழியில்லை. ஆயினும் என் பக்ஷம் மான் ஓ வாருக்கே. பிற குதிரைகளுக்கும் ஒரு சந்தர்ப்பம் கிட்டட்டுமென்று அதன் முதுகில் ஏற்றிய 138 பவுண்டு பாரத்தோடு, அதாவது ஏறத்தாழ 63 கிலோவோடு, மூன்று வயதிலேயே அது முந்தி வந்தது. அவ்வளவு பாரத்தைச் செக்ரட்டேரியட் எப்பந்தயத்திலும் சுமந்ததில்லை.