சிக்னல் சித்தப்பா

வண்டியூரில் யார் வீட்டிலாவது வீடியோ பாதியில் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தால், பிராட்பேண்ட் கம்பெனிக்குப் போன் போவதற்கு முன்னால் சிக்னல் சித்தப்பாவுக்கு ஆள் போய்விடும். யாருக்குச் சித்தப்பா என்று யாரும் விசாரித்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் பழைய லேப்டாப், சட்டைப் பையில் டெஸ்டர். வைஃபைக்கும் டெஸ்டருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுதான். ஆனால் டெஸ்டர் இல்லாமல் வருகிறவரை இந்தப் பக்கம் யார் மதிக்கிறார்கள்?

இந்த வகை மனிதர்களின் பூர்வீகம் மொட்டை மாடி. எண்பதுகளில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கை ரூபவாகினியைப் பிடித்தவர்கள். "தெரியுதாப்பா?" என்று மேலிருந்து ஒரு குரல் வரும். "புள்ளி புள்ளியாத் தெரியுதுண்ணே" என்று கீழிருந்து பதில் போகும். அந்தக் கை சும்மா இருக்குமா? ரவுட்டரில் இரண்டு கம்பு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த உடனே வளைத்து, நுனி படுக்கையறையைப் பார்க்கும்படி வைத்துவிடுவார். சிக்னல் நுனியிலிருந்து பீய்ச்சி அடிக்கிற சரக்கல்ல. கம்பைச் சுற்றி உளுந்த வடை மாதிரிப் பரவுகிறது. கம்பு நிற்பது வடையின் ஓட்டையில். நுனி பார்க்கிற திசையில்தான் இருப்பதிலேயே பலவீனம். பொறியியல் படிக்கும் ஒரு பையன் இதைச் சொல்லிப் பார்த்தான். "நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கொழும்பைப் பிடிச்சவன்டா நானு" என்று வாயை அடைத்துவிட்டார்.

அடுத்தது 192.168.1.1. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போகிற வாசல். யூசர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். பெட்டியிலிருந்து எடுத்த நாளிலிருந்து யாரும் மாற்றாத பூட்டு, சித்தப்பா தட்டியதும் திறந்துகொள்ளும்.

உள்ளே அவருக்குப் பிடித்த இடம் சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபைக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. நம் நாட்டில் அதில் 13 சேனல்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு ரவுட்டர் பேசுவதற்கோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகவே ஒன்றோடொன்று இடிக்காமல் உட்காரக் கிடைப்பவை 1, 6, 11 ஆகிய மூன்று நாற்காலிகள். தெருவே அந்த மூன்றில்தான் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். சித்தப்பா செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்து பார்ப்பார். முகம் மலரும். "மூணு காலியாக் கெடக்கு பாத்தியா? வெவரம் தெரியாத பயலுக, எல்லாரும் ஒண்ணுலயும் ஆறுலயும் போயி விழுந்து கெடக்காய்ங்க."

அங்கேதான் ஏழரை ஆரம்பம். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசுவதை மற்றொன்று புரிந்துகொள்ளும். பேச்சு முடியட்டும் என்று காத்திருந்து, முறை வந்ததும் பேசும். நாகரிகமான ஏற்பாடு. 3இல் போய் நிற்கிற ரவுட்டருக்கு 1இன் பேச்சும் புரியாது, 6இன் பேச்சும் புரியாது. இரண்டுமே வெறும் இரைச்சல். அவற்றுக்கும் இதன் பேச்சு இரைச்சல். காலி இடம் கண்டுபிடித்த ஒரே மனிதர், இந்தப் பக்கம் நாலு வீட்டையும் அந்தப் பக்கம் நாலு வீட்டையும் சேர்த்துக் கெடுத்திருப்பார். கெட்டுப்போன வீடுகள் யாரைக் கூப்பிடும்? அவரைத்தான்.

பவர் விஷயத்தில் அவருக்கு ஒரே கொள்கை: முழுசு. 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். 3 கூடினால் இரட்டிப்பு. எவ்வளவு ஏறுமோ அவ்வளவும் ஏற்றிவிடுவார். போனில் டவர் முழுசாக நிற்கும், வீடியோ மட்டும் நகராது. ரவுட்டர் கத்துவது மாடி வரை கேட்கிறது. அந்தச் சின்னப் போன் மெல்லிய குரலில் சொல்லும் பதில் ரவுட்டருக்கு எட்ட வேண்டாமா? இதை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். குறைத்து வைப்பது அவர் அகராதியில் தோல்வி.

சித்திரைத் திருவிழாவில்தான் அவர் புகழுக்குச் சோதனை வரும். ஆற்றில் இறங்கிய அழகர் அன்று இரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குகிறார். வீட்டுக்கு வீடு சொந்தக்காரர்கள் தங்குகிறார்கள். வந்தவர்கள் தண்ணீர் கேட்பதற்கு முன் பாஸ்வேர்ட் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் நெரிசலைச் சமாளிக்க, ஒருவரும் இல்லாத 13ஆம் சேனலுக்கு ரவுட்டரை மாற்றினார் சித்தப்பா. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மருமகனின் லேப்டாப்பில் வீட்டு வைஃபையின் பெயரே காணவில்லை. அமெரிக்காவில் சாதாரணமாக 11ஆம் சேனலோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கே வாங்கிய சில கருவிகள் 12, 13 பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. "மாப்பிள்ள, ஒங்க மிஷின்ல கோளாறு" என்றார். மாப்பிள்ளையும் பெரியவர் சொல்கிறாரே என்று தலையாட்டினார்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் பாதித் தொல்லை தீரும். அங்கே சேனல்கள் அதிகம். 2018 அக்டோபரில் அரசு இன்னும் தாராளமாகத் திறந்துவிட்டது. சுவரைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் சோர்ந்துபோகும். சித்தப்பாவிடம் சொன்னால், "5ஜியா? அது செல்போன் டவர் சமாச்சாரம்பா, கரண்டு பில்லு ஏறும்" என்று ஆஃப் செய்துவிட்டுப் போவார்.

கடைசியில் ஒரு வீட்டில் வெள்ளையடிக்க வந்தவர், இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை எடுத்து ஹால் நடுச்சுவரில் ஆணியடித்து மாட்டினார். எல்லா அறையிலும் நெட் பறந்தது. "நான் வச்ச சேனல் இப்பத்தான் செட்டாகியிருக்கு" என்றார் சித்தப்பா, அந்த வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வந்தால் உட்கார வையுங்கள், கேட்டால் வைஃபை பாஸ்வேர்டைக்கூடக் கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.